கொச்சிக்கு ஏன் டிசம்பரில் போகணும்? காத்து, மிளகு, ஸ்கர்வி - ஒரு நீண்ட பதிவு

அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோட கொச்சி போகலாம்னு பிளான் போட்டு வச்சிருக்கீங்களா?

நல்ல முடிவுங்க. டிசம்பர், ஜனவரிதான் கொச்சிக்குச் சரியான சீசன். ஜூன்ல ஆரம்பிச்ச மழை, அதுக்கு அப்புறம் ஐப்பசி மழை, ரெண்டும் ஓய்ஞ்சிருக்கும்.

(ஊட்டி நினைப்புல ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போயிடாதீங்க. பகல்ல 31, 32 டிகிரி இருக்கும். ராத்திரிதான் 23 பக்கம் இறங்கும்.)

ஆனா இந்த "சீசன்" டிராவல்ஸ்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. கிட்டத்தட்ட 2000 வருஷமா இந்தக் கரைக்கு இதுதான் சீசன். சுற்றுலாவுக்கு அல்ல, மிளகுக்கு.

இந்த சீசனுக்குக் காத்திருக்காமல் கிளம்பிய ஒருவரின் கப்பல்களில், ஒரே ஒரு கடல் கடப்பில் 30 பேர் செத்துப்போனார்கள். அவர் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரை முதலில் புதைத்த இடத்தை ஃபோர்ட் கொச்சியில் நீங்கள் பார்க்கத்தான் போறீங்க.

முதலில் காத்து.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலில் காற்று தென்மேற்கிலிருந்து இந்தியாவை நோக்கி வீசும். நவம்பருக்குப் பிறகு அப்படியே திரும்பி, வடகிழக்கிலிருந்து அரேபியா, ஆப்பிரிக்கா பக்கம் வீசும்.

பாய்மரக் கப்பல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வர ஒரு காத்து. திரும்பிப் போக ஒரு காத்து. நடுவில் சரக்கு ஏற்ற சில மாதம் அவகாசம்.

மிளகும் இதற்கு ஒத்துழைத்தது. கேரளத்தின் சமவெளிகளில் மிளகு பறிப்பு கார்த்திகை, மார்கழி வாக்கில் சூடு பிடிக்கும். மழை ஓய்ந்த வெயிலில் காயவைத்தால் கறுத்துச் சுருங்கி மூட்டைக்குத் தயார். அதாவது சரக்கு ரெடி ஆகிற அதே நேரத்தில் வீட்டுக்குப் போகிற காத்தும் ரெடி.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் டிசம்பரில் கிளம்பும், தள்ளிப்போனாலும் ஜனவரி நடுப்பகுதிக்குள் கிளம்பிவிடும் என்பது அவர் கணக்கு. அவர் பேசுவது முசிறியைப் பற்றி. யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு (கறின்னா மிளகுங்க, மட்டன் இல்லை) திரும்பியதாக நம் அகநானூறு சொல்லும் அதே முசிறி. அப்போது அது சேரர் துறைமுகம்.

கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூர், பட்டணம் பகுதியில்தான் முசிறி இருந்ததாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தப் பக்கத்துத் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் வரலாறு. டிசம்பரில் தொடங்கும் கலை விழாவுக்கு "கொச்சி முசிறிஸ் பியனாலே" என்று பெயர் வைத்ததன் காரணம் இதுதான்.

இப்ப நம்ம ஆளுக்கு வருவோம்.

வாஸ்கோடகாமா.

1498 ஏப்ரல் 24. ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தியிலிருந்து, அந்த ஊர் அரசர் கொடுத்த வழிகாட்டி மாலுமியோடு கிளம்புகிறார். மே 20 அன்று கோழிக்கோடு பக்கம் நங்கூரம் போட்டாச்சு. 26 நாள். சரியான காத்து, கடல் தெரிந்த ஆள். அவ்வளவுதான்.

திரும்பும்போது?

கோழிக்கோட்டு சாமூதிரியோடு உறவு கெட்டுப்போனது. பயமும் அவசரமும் சேர்ந்து ஆகஸ்ட் கடைசியிலேயே கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். கார்வார் அருகே அஞ்சதீவில் கொஞ்ச நாள் தங்கி, அக்டோபர் 5 அன்று கடலைக் கடக்கத் தொடங்கினார். அந்தக் கரையில் தொழில் செய்த எந்த மரைக்காயரிடம் கேட்டிருந்தாலும், "இருங்க, காத்து இன்னும் திரும்பலை"ன்னு சொல்லியிருப்பார்.

சில நாள் காற்றே இல்லை. சில நாள் எதிர்க்காற்று. 1499 ஜனவரி 2 அன்றுதான் ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது. போகும்போது 26 நாளில் முடிந்த கடலுக்கு, திரும்பும்போது 89 நாள்.

இந்த 89 என்ற எண்ணைத்தான் மருத்துவனாக நான் கவனிக்கிறேன்.

நம் உடம்பால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். வரவு முழுசா நின்னா, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கையிருப்பு தீர்ந்து நோய் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அந்தக் காலக் கப்பல் சாப்பாடு என்ன? காய்ந்த பிஸ்கட், உப்புக்கண்டம், ஒயின். மூன்றிலும் வைட்டமின் சி கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஏற்கனவே நோஞ்சானாக இருந்த ஆட்களுக்கு மூன்று மாதம் எல்லாம் தேவையே இல்லை.

வைட்டமின் சி இல்லையென்றால் கொலாஜன் ஒழுங்காக உருவாகாது. கொலாஜன்தான் நம் உடம்பின் சிமெண்ட். சிமெண்ட் போனால் ஈறு வீங்கிப் பல்லை மூடும், ரத்தம் கசியும். கால் வீங்கும். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும். எப்போதோ ஆறிப்போன பழைய தழும்பு கூட மறுபடி பிளந்துகொள்ளும்.

இதுதான் ஸ்கர்வி.

(இது பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க. தனியாக வாழ்ந்துகொண்டு, டீயும் பன்னும் தவிர வேறு எதுவும் சாப்பிடாத முதியவர்கள் ஈறில் ரத்தம் வருதுன்னு இன்னைக்கும் ஓபி-க்கு வர்றாங்க. பல் டாக்டர்ட்ட போங்கன்னு உடனே அனுப்பாமல், என்ன சாப்பிடுறீங்கன்னு ஒரு கேள்வி கேட்கணும்.)

அந்தப் பயணத்தில் உடன் போன ஒருவர் எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு கடப்பில் மட்டும் 30 பேர் இறந்தார்கள், அதற்கு முன்பே அதே அளவு பேர் இறந்திருந்தார்கள், கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் எழுந்து வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள் என்கிறது அது. ஆள் போதாமல் சாவோ ரஃபேல் என்ற கப்பலை அவர்களே கொளுத்திவிட்டார்கள்.

அதே குறிப்பில் இன்னொரு வரி இருக்கு. மாலிந்தி வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக ஆரஞ்சுப் பழம் வாங்க ஆள் அனுப்பினார்களாம். ஏன்னா நோயாளிகள் அதைத்தான் ஆசையாகக் கேட்டார்களாம். வரும் வழியில் மொம்பாசாவில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்திருந்தது. அதைத் தின்ற வாய் மறக்குமா?

1499லேயே நோயாளிக்கு மருந்து எதுன்னு தெரிஞ்சிருக்கு.

டாக்டர்களுக்கு? ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை வைத்தியம் கொடுத்து, ஆரஞ்சு, எலுமிச்சை சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள் என்று பார்த்தது 1747இல். பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவு செய்தது 1795இல். கிட்டத்தட்ட 300 வருஷம்! நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேட்க எங்க தொழிலுக்கு அவ்வளவு நாள் ஆச்சு.

சீசன் பாடத்தை மட்டும் போர்ச்சுகீசியர் சீக்கிரமே படித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த கப்ரால், கோழிக்கோட்டில் அடிதடி ஆகி, பீரங்கியால் ஊரைச் சுட்டுவிட்டு, 1500 டிசம்பர் 24 அன்று கொச்சிக்கு வந்தார். சாமூதிரிக்கு ஆகாத கொச்சி அரசர் வரவேற்றார். மிளகு ஏற்றிக்கொண்டு ஜனவரியில் கிளம்பியாச்சு. அதற்குப் பிறகு டிசம்பர், ஜனவரியில் கொச்சியிலிருந்து மிளகுக் கப்பல் புறப்படுவது போர்ச்சுகீசியருக்கு வழக்கமாகிவிட்டது.

சரி, ஃபோர்ட் கொச்சியில் செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சுக்குப் போங்க. 1503இல் மரத்தில் கட்டி, 1516இல் மறுபடி கட்டியது. உள்ளே தரையில் ஒரு கல்லைச் சுற்றிக் கம்பி போட்டிருப்பார்கள். வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம் செய்த இடம் அது. எலும்புகளைப் பிற்பாடு போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள், இப்போது லிஸ்பனில் இருக்கிறது. அப்படியே தலையை நிமிர்த்திப் பாருங்க. வெளியே இருந்து ஆள் கயிறு இழுக்க ஆடும் பழைய துணிப் பங்கா வரிசையாகத் தொங்கும். இழுத்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அவர் இறந்தது 1524 டிசம்பர் 24. கப்ரால் கொச்சிக்கு வந்த அதே தேதி. வைஸ்ராயாக வந்து மூன்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

காரணம் மலேரியா என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். ஆனால் அக்காலத்தில் இந்தியாவில் இருந்த காஸ்பர் கொரையா என்பவர், கழுத்தில் கடும் வலி, பின்கழுத்தில் பழுக்காத கெட்டியான கட்டிகள் என்று எழுதுகிறார். இதைப் படித்தால் எந்த சர்ஜரி வார்டு ஹவுஸ் சர்ஜனும் மலேரியான்னு சொல்ல மாட்டார். நம்ம ஊரில் இதற்கு அழகான பெயர் உண்டு, ராஜபிளவை. சர்க்கரை நோயாளிகளுக்குப் பின்கழுத்திலும் முதுகிலும் வரும் அதே பிளவை. 500 வருஷம் கழித்து கேஸ் ஷீட் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் ஓட்டு அதற்குத்தான்.

பாவம்னு தோணுதா? 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை, பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரோடு எரிக்க வைத்தவரும் இதே மனிதர்தான். சர்ச்சில் போட்டோ எடுக்கும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்க. பாடப்புத்தகத்தில் "கடல்வழி கண்டார்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

வெளியே வந்து சீன வலைப் பக்கம் நடந்தால், உப்புத் தண்ணியில் போட்ட நெல்லிக்காய் கண்ணில் படும். சுகர், பிபி இருப்பவர்கள் உப்பைப் பார்த்துக்கோங்க, மத்தவங்க ரெண்டு வாங்கிச் சாப்பிடுங்க. அந்த 30 பேருக்கு இது கிடைத்திருந்தால் என்று யோசிக்காமல் என்னால் அதைத் தின்ன முடிவதில்லை. அடுத்து மட்டாஞ்சேரி. யூதத் தெரு ஜெபாலயம் 1568இல் கட்டியது. அந்தத் தெருவில் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசம் இன்னும் இருக்கு.

கடைசியாக ஒன்று. நீராவிக் கப்பல் வந்த பிறகும் கொச்சிக்கு இந்த சீசன் தொல்லை போகவில்லை. துறைமுக வாயில் பெரிய மணல்திட்டு. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும், சரக்கு படகில் போகும். ஜூன் வந்து கடல் கொந்தளித்தால் அந்த வேலையும் படுத்துவிடும். ஃபோர்ட் கொச்சி அப்போது நம்ம மெட்ராஸ் மாகாணத்தில்தான் இருந்தது, மலபார் மாவட்டத்தில். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் வந்து, அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் எடுத்து, 1928இல் கப்பலை உள்ளே கொண்டு வந்தார். அதன் பிறகுதான் கொச்சிக்கு எல்லா மாதமும் சீசன்.

தோண்டிய மண்ணை என்ன செய்தார்கள்? காயலுக்குள் கொட்டி ஒரு தீவே உண்டாக்கினார்கள். மெட்ராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் பெயரை அதற்கு வைத்தார்கள். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ரோட்டில் போகாமல் படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ போனால் அந்தத் தீவு தெரியும். போகும்போது இடதுபக்கம் பார்த்துக்கிட்டே போங்க.