மூலத்தை மீறாத உரையாசிரியர்: நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நீதிபதி ஒருவரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று கவிஞர் பெருமக்கள் வினவக்கூடும். பணி முடிந்து வீடு திரும்புகையில் வாசலில் ஒரு சிற்றிதழ் கிடக்கிறது. உறையைக் கிழித்து நின்றபடியே படிக்கத் தொடங்குகிறோம். அந்த இதழ் நம் மாநில எல்லைக்குள் நுழையவே கூடாது என்று அரசு ஆணையிட்டால்? இது கற்பனைக் கேள்வியன்று. 1950 மார்ச் 1ஆம் நாள் சென்னை மாநில அரசு அத்தகைய ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் வெளியிட்டுவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழ் அதனால் தடைபட்டது. சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது மூன்று வாரங்கூட ஆகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பெரும்பான்மை நீதிபதிகளுக்காகத் தீர்ப்பு எழுதியவர் சென்னையைச் சேர்ந்த எம். பதஞ்சலி சாஸ்திரி.

1889இல் பிறந்த அவர், பச்சையப்பன் கல்லூரியில் வடமொழிப் பண்டிதராக விளங்கிய கிருஷ்ண சாஸ்திரியின் மைந்தர். வழக்குரைஞராக வருமான வரிச் சட்டத்தில் பெயர் பெற்றார். அத்துறையில் செட்டிநாட்டு வணிகர் பலர் அவரை நாடினர். 1939இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1947 டிசம்பரில் தில்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த மன்றமே குடியரசு மலர்ந்தபோது உச்ச நீதிமன்றமாக உருமாறியது. 1951 நவம்பரில் தலைமை நீதிபதி கனியா மறைந்ததும் சாஸ்திரி அப்பொறுப்பை ஏற்று, 1954 ஜனவரித் தொடக்கம்வரை வகித்தார்.

அவர் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு நம் பழைய உரையாசிரியர்களே நினைவுக்கு வருகின்றனர். மூலத்தில் இல்லாததை ஏற்றிச் சொல்லமாட்டார்; இருப்பதைக் கைவிடவும் மாட்டார். இந்த நேர்மை அவரை எங்கெங்கு கொண்டுசென்றது என்பதுதான் வியப்பு.

முதலில் அது அவரைச் சிறைக் கதவின் பக்கம் நிறுத்தியது. இதழைத் தடைசெய்த அதே மார்ச் 1ஆம் நாளில்தான், ஏற்கெனவே காவலில் இருந்த ஏ.கே. கோபாலனுக்குத் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ்ப் புதிய ஆணை வழங்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் மே 19 அன்று தீர்ப்பு வந்தது. காவலின் காரணங்களை நீதிமன்றத்துக்கும் வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் வீழ்ந்தது, சட்டம் நின்றது, கோபாலன் உள்ளேயே இருந்தார். சாஸ்திரி பெரும்பான்மையோடு நின்றார். எனினும், அடிப்படை உரிமைகள் பற்றிய அதிகாரத்திலேயே தடுப்புக் காவலுக்கு இடம் வைத்திருப்பது மக்களாட்சி அரசமைப்பில் விந்தையாகப் பொருந்தாமல் நிற்கும், அச்சந்தரும் தோற்றமுடைய கூறு என்று எழுதிவைத்தார். எழுதியபின் அந்தக் கூற்றுக்கே கட்டுப்பட்டார். பிடிக்காத பாடத்தையும் திருத்தாமல் உரை எழுதியவர் என்று சொல்லலாம்; சுதந்திரத்தின் பொருளை அவர் இன்னும் விரித்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஃபசல் அலி அவ்வாறுதான் விரித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

ஏழு நாள் கழித்து, மே 26 அன்று, தாப்பர் வழக்கில் தீர்ப்பு. அன்றைய அரசமைப்பின் 19(2) பிரிவு, அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் பேச்சைத் தடுக்க இடம் தந்தது. ‘பொது ஒழுங்கு’ என்ற சொல் அதில் இல்லை. சென்னைச் சட்டமோ பொது ஒழுங்கையும் பொதுப் பாதுகாப்பையும் பற்றியே பேசியது. பொதுப் பாதுகாப்பு என்றால் பொதுச் சுகாதாரமும் அதில் அடங்குமே என்று சாஸ்திரி எடுத்துக்காட்டினார். ஆகவே சட்டப் பிரிவு செல்லாது, தடை நீங்கியது. பரவும் உரிமை இல்லாத வெளியீட்டுக்கு மதிப்பில்லை என்பதையும் அத்தீர்ப்பில் நிலைநாட்டினார். சில தீய கிளைகளை வளரவிடுவது, அவற்றை வெட்டப்போய்க் கனிதரும் கிளைகளின் வலிமையைக் கெடுப்பதினும் மேல் என்ற அமெரிக்கர் மாடிசனின் கருத்தையும் எடுத்தாண்டார். சென்ற வாரம் சுதந்திரத்தின் பக்கம் நின்ற ஃபசல் அலி இம்முறை தனித்து அரசின் பக்கம் நின்றார்!

அரசு பொறுக்கவில்லை. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லை 19(2)இல் நுழைத்தது. அத்துடன் விடவில்லை; அப்பிரிவு தொடக்கம் முதலே அவ்வாறு இருந்ததாகக் கருதவேண்டும் என்றும் விதித்தது. ஏட்டைத் திருத்தியபின், பழைய ஏடே இப்படித்தான் இருந்தது என்று சாதிப்பதை நம்மில் பதிப்புத் துறை அறிந்தவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ!

அதே அக்டோபரில் சங்கரி பிரசாத் வழக்கு. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியுமா? வழக்காடியவர்கள் ஜமீன்தார்கள், அவர்கள் கவலை நிலம் பற்றியது. ஆனால் விடை திருத்தம் முழுவதற்கும் அரணாகும். முடியும் என்று ஒருமித்த தீர்ப்பை எழுதியவர் சாஸ்திரியே. தம் எழுத்தைச் செல்லாததாக்கிய கைக்கு அந்த அதிகாரம் உண்டென்று தாமே சான்றளித்தார். இதைக் கோழைத்தனம் என்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் தீர்ப்பைக் காப்பாற்றுவதற்காக மூலத்தை வளைத்திருந்தால் அது வேறொரு சாஸ்திரி.

திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லோடு ‘நியாயமான’ என்ற அடைமொழியையும் 19(2)இல் சேர்த்திருந்தது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 19(4) பிரிவில் அச்சொல் முன்பே இருந்தது. 1952 மார்ச் 31 அன்று வி.ஜி. ராவ் வழக்கில் அதற்கு அவர் எழுதிய உரைதான் இன்றுவரை வழக்குமன்றங்களில் ஒலிக்கிறது. சென்னையில் ‘மக்கள் கல்விச் சங்கம்’ என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று அரசு அறிவித்திருந்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அரசின் மனநிறைவுக்கு விட்டுவிட முடியாது. உரிமையின் தன்மை, தீங்கின் அளவு, கட்டுப்பாட்டின் கடுமை, காலச் சூழல் அனைத்தையும் நீதிமன்றமே எடைபோடவேண்டும் என்றார். இப்பணி போர்முனை ஆவேசத்தில் செய்வதன்று என்றும், நீதிமன்றம் விழிப்புடன் நிற்கும் காவலாளி என்றும் உரைத்தார். நம்மைப் போல் பத்துப்பேர் கூடிச் சங்கம் அமைப்பவர்களுக்கு இத்தீர்ப்பின் அருமை விளங்கும்.

இனி நம் மண்ணுக்கு நெருக்கமான ஒன்று. ‘இழப்பீடு’ என்பது நெய்வேலியில் சட்டச்சொல் மட்டுமன்று, வீட்டுச்சொல். சுரங்கத்துக்காக நிலமும் மனையும் விட்டுவந்த குடும்பத்தினர் நம் கூட்டங்களில் அமர்ந்திருக்கின்றனர். 1953 டிசம்பரில், ஓய்வுபெற மூன்று வாரம் இருக்கையில், பேலா பானர்ஜி வழக்கில் சாஸ்திரி தீர்ப்பளித்தார். மேற்கு வங்கத்தில் அகதிகளைக் குடியேற்ற எடுத்த நிலத்துக்கு 1946 டிசம்பர் 31ஆம் நாளைய விலைக்கு மேல் தரவேண்டியதில்லை என்று ஒரு சட்டம் சொன்னது. இழப்பீடு என்றால் இழந்ததற்கு நேரான ஈடு என்பதே பொருள். பழைய நாளொன்றில் விலையை முடக்கிவைப்பது ஈடாகாது என்றார் அவர். மீண்டும் ஒரு திருத்தம்: 1955இல் வந்த நான்காம் திருத்தம், ஈடு போதுமா என்று நீதிமன்றம் கேட்பதையே தடுத்தது. மறு ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று.

ஓய்வுக்குப் பின் 1958 முதல் 1962 வரை அவர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1963 மார்ச்சில் மறைந்தார். சங்கரி பிரசாத் தீர்ப்பின் கொள்கை 1967இல் கோலக்நாத் வழக்கில் கவிழ்ந்தது. கோபாலன் வழக்கின் குறுகிய பார்வையை 1970களில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது. தாப்பர் தீர்ப்பு மட்டும், எந்தச் சொல்லின்மேல் நின்றதோ அச்சொல் மாற்றப்பட்ட பின்னும், வாழ்ந்துகொண்டிருக்கிறது. இணையத்தில் எழுதியவர்களைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, 65 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பண்டிதர் மகன் எழுதிய தீர்ப்பும் எடுத்தாளப்பட்டது.