பெருமையின் ஞாபகமும் மறதியும்: ரஷ்யா, மேற்குலகு, கிரைமியா

2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கிய நாள் முதல் நம்மவர் மத்தியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அமெரிக்காவை எதிர்த்து நிற்கிறான், அப்ப அவன் எங்கட ஆள்தான்." ஈராக்கையும் பலஸ்தீனத்தையும் பார்த்து மனம் வெந்தவர்கள் அப்படிப் பேசுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் ரஷ்யாவும் மேற்குலகும் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன என்பதை அந்தப் பேச்சு விளக்காது. அதை விளங்கிக்கொள்ள, கருங்கடலின் வடபுறத்தில் உள்ள கிரைமியாத் தீபகற்பத்தின் வரலாற்றைப் பார்ப்பது உதவும். இலங்கையின் பாதி அளவுகூட இல்லாத நிலம்தான். ஆனாலும் ரஷ்யரின் பெருமையும் காயமும் அங்கேதான் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன.

முதலில் பெருமையைப் பார்ப்போம். கியேவ் இளவரசன் விளாதிமிர் 988இல் கிறிஸ்தவத்தைத் தழுவியது கிரைமியாவின் கெர்சொனேஸ் நகரில்தான் என்பது ரஷ்ய மரபு. பனியில் உறையாத தென்கடல் துறைமுகம் ரஷ்யாவின் நெடுநாள் ஏக்கம். 1783இல் கதரீன் மகாராணி கிரைமியாவைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டபோது அது நிறைவேறியது. அதே ஆண்டில் செவஸ்தபோல் கடற்படைத் தளத்துக்கு அடித்தளம் இடப்பட்டது.

இனிக் காயம். 1853இல் ரஷ்யாவுக்கும் உஸ்மானிய சாம்ராஜ்யத்துக்கும் போர் மூண்டது. மறு வருடம் பிரித்தானியாவும் பிரான்சும் உஸ்மானியர் பக்கம் சேர்ந்துகொண்டன. கிறிஸ்தவ வல்லரசுகள் முஸ்லிம் சுல்தானோடு கைகோத்துத் தங்களைத் தாக்கியதை ரஷ்யரால் சீரணிக்க முடியவில்லை. செவஸ்தபோல் ஏறத்தாழ ஒரு வருட முற்றுகைக்குப் பிறகு வீழ்ந்தது. பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற டோல்ஸ்டோய் அப்போது அங்கே இளம் பீரங்கிப்படை அதிகாரி. 1856 பாரிஸ் உடன்படிக்கை கருங்கடலில் ரஷ்யா போர்க்கப்பல் வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. தன் வாசலில் தானே காவல் வைக்க முடியாத அந்த அவமானத்தை 1870இல்தான் ரஷ்யா உதறித் தள்ளியது.

அந்தப் போர்க்காலத்து ஆவணம் ஒன்று இன்றைக்கும் படிக்கத்தக்கது. மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த மிகாயில் பகோதின், 1853இன் இறுதியில் ஸார் மன்னர் முதலாம் நிக்கலசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். பிரான்ஸ் உஸ்மானியரிடமிருந்து அல்ஜீரியாவைப் பறிக்கிறது, இங்கிலாந்து இந்திய சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது; அப்போதெல்லாம் உலகச் சமநிலை குலையவில்லையாம், ரஷ்யா அசைந்தால் மட்டும் குலைந்துவிடுமாம் என்பது அவருடைய வாதம். விஷயத்தின் சாரமே இதுதான் என்று மன்னர் ஓரத்தில் குறித்து வைத்தார்.

வாதம் நியாயமானதுதான். ஆனால் பகோதின் அல்ஜீரியருக்காகவோ இந்தியருக்காகவோ கண்ணீர் விடவில்லை. அவர்கள் அவருக்குச் சாட்சிப் பொருள்கள். அதே வருடங்களில் தாகெஸ்தான் மலைகளில் இமாம் ஷாமிலுடைய போராளிகள் மீது ரஷ்யப் படை போர் தொடுத்துக்கொண்டிருந்தது. 1859இல்தான் ஷாமில் சரணடைந்தார். இந்தப் போர் பகோதினின் குற்றப்பட்டியலில் இடம்பெறவில்லை.

161 வருடங்களுக்குப் பிறகு அதே தொனி திரும்பக் கேட்டது. 2014 மார்ச் 18ஆம் திகதி கிரைமியாவை இணைத்துக்கொள்ளும் உரையில் ஜனாதிபதி புட்டின் விளாதிமிரின் ஞானஸ்நானத்தையும் செவஸ்தபோலின் வீரத்தையும் நினைவூட்டினார். கொசோவோவுக்கு ஒரு நீதி, கிரைமியாவுக்கு வேறொரு நீதியா என்று மேற்குலகைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ரஷ்யரின் உண்மையான துயரம் இருக்கிறது. 1812இல் நெப்போலியன் மொஸ்கோவுக்குள்ளேயே புகுந்தான். 1941இல் ஹிட்லரின் படை வந்தது. அந்தப் போரில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடி 70 இலட்சம் பேர் மாண்டார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பிறகு 1999இலும் 2004இலும் நேட்டோ கிழக்கே விரிந்தது. உக்ரேனும் ஜோர்ஜியாவும் ஒரு நாள் உறுப்பினராகும் என்று 2008இல் நேட்டோ அறிவித்தது. மேற்கிலிருந்து வந்த படைகளை மறக்காத ஒரு நாட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வொஷிங்டன் போதியளவு யோசிக்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. போலந்தும் போல்டிக் நாடுகளும் நேட்டோவின் கதவைத் தாங்களே போய்த் தட்டின. 1939இல் ஸ்டாலினும் ஹிட்லரும் போலந்தைப் பங்கு போட்டதும், 1940இல் போல்டிக் நாடுகள் விழுங்கப்பட்டதும் அவர்களின் ஞாபகம். உக்ரேன் தன் மண்ணில் இருந்த அணுவாயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக, அதன் எல்லைகளை மதிப்பதாக 1994இல் புடாபெஸ்ட்டில் ரஷ்யாவும் கையொப்பமிட்டது. அந்த எல்லைக்குள் கிரைமியாவும் இருந்தது.

இந்த இரு தரப்பின் வாக்குவாதத்துக்கு நடுவே அந்த நிலத்தின் சொந்தக்காரர் யாரென்ற கேள்வி அமுங்கிப் போகிறது. 1783க்கு முன் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிரைமியா ஒரு முஸ்லிம் அரசு. பக்சிசராயைத் தலைநகராகக் கொண்டு கிராய் வம்சக் கான்கள் ஆண்டார்கள். அவர்களையும் புனிதர்களாக்க வேண்டியதில்லை. அவர்களின் படைகள் 1571இல் மொஸ்கோவை எரித்தன. சிலாவிய மக்களைச் சிறைபிடித்து அடிமைச் சந்தையில் விற்றன. ஆனாலும் ரஷ்ய ஆட்சி வந்த பிறகு தாத்தாரியர் அலை அலையாக உஸ்மானிய மண்ணுக்குப் புலம்பெயர்ந்தார்கள். பெரும்பான்மையாக இருந்தவர்கள் தங்கள் ஊரிலேயே சிறுபான்மையானார்கள்.

இறுதி அடி 1944 மே 18இல் விழுந்தது. ஜேர்மனியருக்குத் துணைபோனார்கள் என்று முழுச் சமூகத்தின் மீதும் பழி சுமத்தி, ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேரை மூன்று நாட்களுக்குள் ரயில் பெட்டிகளில் ஏற்றி, பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார் ஸ்டாலின். செஞ்சேனையில் போரிட்ட தாத்தாரியரின் குடும்பங்களும் தப்பவில்லை. ஒன்பது மாதங்கள் கழித்து, 1945 பெப்ரவரியில், அதே கிரைமியாவின் யால்டாவில் ரூஸ்வெல்ட்டும் சேர்ச்சிலும் ஸ்டாலினோடு அமர்ந்து உலகத்தின் எதிர்காலத்தைப் பேசினார்கள். அந்த மாநாட்டுத் தீர்மானங்களில் வெறிச்சோடிக் கிடந்த தாத்தாரியக் கிராமங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சுதந்திரம் பேசிய மேற்குலகுக்கும் அவர்கள் கண்ணில் படவில்லை.

2014 உரையில் தாத்தாரியருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று புட்டினும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர்களுடைய பிரதிநிதித்துவ சபையான மெஜ்லிஸ் 2016இல் தீவிரவாத அமைப்பென்று தடை செய்யப்பட்டது. அதன் நீண்டகாலத் தலைவர் முஸ்தபா ஜெமிலேவ் 1944இல் ஆறு மாதக் குழந்தையாக நாடு கடத்தப்பட்டவர். சோவியத் சிறைகளில் பல வருடங்களைக் கழித்தவர். 1980களின் இறுதியில்தான் அவரது சமூகத்துக்கு ஊர் திரும்ப வழி பிறந்தது. 2014இல் அவருக்குக் கிரைமியாவின் எல்லை மீண்டும் மூடப்பட்டது.

ரஷ்யாவின் காயம் பொய்யல்ல. மேற்குலகின் இரட்டை நாக்கும் பொய்யல்ல. ஆனால் தேசப் பெருமை தான் பட்ட அடிகளை மட்டுமே எண்ணி வைக்கிறது. தான் கொடுத்த அடிகளைக் கணக்கில் எழுதுவதில்லை. வல்லரசுகள் எல்லாவற்றுக்கும் இது பொதுவான குணம். ஒரு வல்லரசின் மீதுள்ள கோபத்தில் இன்னொன்றை "எங்கட ஆள்" என்று சொல்லுவதற்கு முன், அந்த ஆளிடம் அடிபட்ட பக்சிசராய் மக்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர்களும் நம்மைப்போல் கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள் என்பதற்காக மட்டுமல்ல; அநீதி யார் செய்தாலும் அநீதிதான் என்பதற்காகவும்.