லாரியின் நெற்றி எழுத்து

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் எழுதப்பட்டவையே வரலாற்றுச் சான்றுகள் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. தகரத்தின்மேல் தூரிகையால் எழுதியவற்றை நாம் சான்றெனக் கொள்வதில்லை. எனினும், பழைய லாரி ஒன்றை அதன் காலத்துக் கோலத்திலேயே புதுப்பிக்க விழைவோர், முதற்கண் அதன் எழுத்துகளைப் படித்தறிதல் வேண்டும். படியாது வண்ணம் பூசுவோர், தாம் காக்க எண்ணியதையே அழித்தவராவர்.

அவ்வெழுத்துகள் காலம் காட்டும் திறம் வியப்புக்குரியது. கூலிக்குச் சரக்கேற்றுவோரை 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 'பப்ளிக் கேரியர்' என்று குறித்தது. லாரிகளின் நெற்றிப் பலகையிலும் அச்சொல்லே விளங்கிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கைவிட்டது. ஆகவே, 1960களின் கோலத்தை மீட்பதாகக் கூறி 'கூட்ஸ் கேரியர்' என்று எழுதுதல் காலமுரணாகும். 1954இல் ஜாம்ஷெட்பூரில் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு தோன்றிய டாட்டா லாரிகள் முகப்பில் மும்முனை விண்மீனைத் தாங்கின. 1969இல் அவ்வுடன்படிக்கை முடிந்தது. 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்னும் முழக்கமோ 1965இல் பிறந்தது.

நம் தமிழெழுத்தும் இத்தகைய சான்றே. வடபுலத்து நெடுஞ்சாலையில் நம் கண்ணில் பட்டு நெஞ்சைக் குளிர்விக்கும் 'முருகன் துணை' என்னும் தொடரை நோக்குவோம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன், 'ணை' யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டது. பழகிய கைகள் அதன் பின்னரும் அவ்வடிவை விட்டுவிடவில்லை. ஆயினும், பழைய வடிவை அழித்துப் புதிய வடிவைத் தீட்டினால், எழுதியவரின் கையும் காலமும் ஒருங்கே மறையும்.

மறைந்த எழுத்தை மீட்கும் முறை பொறுமையை வேண்டுவது. பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சினால், மேற்பூச்சின் அடியிலுள்ள எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலின், உலர்ந்த நிலையில் தேய்த்தலாகாது. நீர் தொட்டு நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தல் வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் புகைப்படம் எடுத்து, மெல்லிய தாளில் வரைந்துகொள்ளல் வேண்டும். பின்னர், அவ்வரைவின் கோடுகளில் ஊசியால் துளையிட்டுச் சுண்ணப்பொடி தட்டினால், எழுத்தின் உருவம் தகரத்தில் பதியும்.

எந்த அடுக்கை மீட்பது என்பதே பெரிய வினா. 1958இல் பிறந்த லாரியில் 1965இன் முழக்கம் காணப்படின் அது பிழையன்று. அவ்வண்டி வாழ்ந்த வாழ்வின் ஒரு பருவமாகும். ஒரு பருவத்தைத் தேர்ந்தால், ஏனையவற்றைப் பதிவேட்டிலேனும் காத்தல் கடன்.

1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கிடைக்காத 267, 268ஆம் பாடல்களைத் தம் புலமையால் இட்டு நிரப்ப முற்பட்டாரல்லர். சிதைந்த பகுதியைச் சிதைந்ததாகவே காட்டிய அந்நேர்மை, பட்டறைக்கும் பொருந்தும் அறமாகும்.

கணிப்பொறி வெட்டித்தரும் ஒட்டெழுத்துகள் இன்று தூரிகையின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. தாம் எழுதியவற்றின் கீழ்ப் பெயரிடாது மறைந்த ஓவியர் பலர்க்கு, அவர்தம் கோட்டின் வளைவே கையொப்பம். அதனைத் திருத்தாது காப்பதே நாம் அவர்க்குச் செய்யும் நன்றி.