பொரோதின் கேக் வந்த வழி

டிசம்பர் பாதி தாண்டியதும் மத்திய கொல்கத்தாவின் தால்தலா, ஜான்பஜார் சந்துகளில் இருக்கும் பழைய பேக்கரிகளுக்கு ஆட்கள் பையும் கையுமாக வரத் தொடங்குவார்கள். பைக்குள் மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை. கூடவே ஒரு ஜாடி. அதற்குள் வாரக்கணக்கில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல், இஞ்சி மொரப்பா. கேக் வாங்க வந்தவர்கள் இல்லை இவர்கள். சாமான்களைக் கொடுத்துக் கேக் சுட்டு வாங்கிப் போக வந்தவர்கள். நாம் அரிசியும் மிளகாயும் கொண்டுபோய் மில்லில் அரைத்து வாங்கிக்கொண்டு வருவோமே, அதே கணக்குதான். கூலி மட்டும்தான் பேக்கரிக்கு. அதையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள்.

கேக் மாஸ்டரை அங்கே மிஸ்திரி என்பார்கள். பெரிய பாத்திரத்தில் வெண்ணெயையும் சர்க்கரையும் போட்டுக் கையாலேயே அடிக்கத் தொடங்குவார். முழங்கை வரை உள்ளே போகும். சர்க்கரை கரைந்து வெண்ணெய் வெளுத்ததும் முட்டை, அப்புறம் மாவு, கடைசியில் பழம். சாமான் கொண்டுவந்தவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தன் வெண்ணெய் தன் கேக்கில்தான் விழுகிறதா என்று பார்க்க வேண்டாமா? மிஸ்திரிக்கும் அதில் கோபம் வராது. கலவை தகர அச்சுகளில் இறங்கும். எது யாருடையது என்று அடையாளம் வைத்து, நீளக் கரண்டியால் செங்கல் அடுப்புக்குள் தள்ளுவார்கள். அந்த ஒரு வாரம் அடுப்பு அணைவதே இல்லை.

இந்த பேக்கரிகளை நடத்துகிறவர்களும் அங்கே மாவு அடிக்கிறவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். சாமான் கொண்டுவருகிறவர்கள் முன்பு ஆங்கிலோ இந்தியர்களும் வங்காளக் கிறிஸ்தவர்களும். இப்போது இந்துக் குடும்பங்களும் நிறைய. கிறிஸ்துமஸை வங்காளிகள் பொரோதின் என்பார்கள். பெரிய நாள் என்று அர்த்தம். பொரோதின் அன்று கேக் இல்லாத வீடு கொல்கத்தாவில் அபூர்வம். சர்ச்சுக்குப் போகாத வீட்டிலும் கேக் உண்டு.

இந்தக் கேக் வங்காளத்துக்கு வந்தது வெள்ளைக்காரர்களோடுதான். ஆனால் கல்கத்தாவில் அது ஆரம்பத்திலேயே ஒரு வேடிக்கையான திசையில் பயணம் செய்தது. 1820களில் அங்கே வாழ்ந்த ஃபேனி பார்க்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் நினைவுக்குறிப்பில் ஒரு கிறிஸ்துமஸ் காலையை எழுதியிருக்கிறார். வேலைக்காரர்கள் வாசலுக்குப் பூமாலை கட்டுகிறார்கள். தட்டு தட்டாகப் பழம், கேக், மிட்டாய் கொண்டுவந்து துரைசானி முன் வைத்துவிட்டு பக்‌ஷீஸ் கேட்கிறார்கள். கிறிஸ்துவின் பிறந்தநாளுக்குக் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் கிறிஸ்தவர்களுக்குக் கேக் கொடுக்கிறார்கள்! கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்பது இருதரப்புக்கும் தெரியும்.

பெரிய இடங்களில் இதுவே டாலி என்ற பெயரில் நடந்தது. கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர், துரையிடம் காண்டிராக்ட் எடுத்திருப்பவர், ஜமீன்தார் எல்லோரும் பொரோதின் அன்று கூடை அனுப்புவார்கள். ஆரஞ்சு, காபூல் திராட்சை, பாதாம், பெரிய மீன், கேக் எல்லாம் அதில் இருக்கும். பக்தியில் அனுப்பிய கூடை இல்லை. வருஷம் முழுக்க ஆக வேண்டிய காரியங்களுக்கு முன்பணம். பொரோதின் வங்காளியின் காலண்டரில் ஏறியதற்குப் பாதிரிகளைவிட இந்தக் கூடைக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

அனுப்பலாம், ஆனால் சாப்பிடக் கூடாது. அங்கேதான் சிக்கல். முட்டை சேர்ந்தது, முஸ்லிமோ வெள்ளைக்காரனோ தொட்டுப் பிசைந்தது. ஆசாரமான இந்து வீட்டில் ரொட்டியே தீட்டு என்றிருந்த காலத்தில் கேக் எப்படி வீட்டுப்படி ஏறும்? டேவிட் வில்சன் என்பவர் பேக்கரித் தொழிலில் இருந்து வளர்ந்து 1840 வாக்கில் ஆக்லண்ட் ஹோட்டலைத் தொடங்கினார். பின்னாளில் கிரேட் ஈஸ்டர்ன் என்று பெயர் பெற்றது அதுதான். வங்காளிகளுக்கு அது வில்சன் ஹோட்டல். படித்த இளம் பாபுக்கள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது ஊர் வம்பானது. ராஜ்நாராயண் பாசு 1840களில் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதியை விட்டோம் என்பதற்கு அத்தாட்சியாக பிஸ்கட்டும் ஷெர்ரியும் வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிஸ்கட் கடிப்பதே புரட்சி! கவிஞர் ஈஸ்வர் சந்திர குப்தர் 1859இல் இறந்தவர். பொரோதின் கொண்டாட்டத்தைக் கேலி செய்து அவர் ஒரு கவிதையே எழுதி வைத்திருக்கிறார். கேலி செய்யும் அளவுக்கு அந்த நாள் ஊருக்குள் வந்துவிட்டது என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

கொல்கத்தா கேக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வரியைத் தவறாமல் எழுதுவார்கள்: யூதர் கடை, முஸ்லிம் மிஸ்திரி, இந்து வாடிக்கையாளர், கிறிஸ்தவப் பண்டிகை. மத நல்லிணக்கத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று முடிப்பார்கள். நான்கும் உண்மைதான். ஆனால் அந்த அடுப்படி ஏன் முஸ்லிம்கள் கைக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. மேல்சாதி இந்துக்கள் அந்த வேலையைத் தொடமாட்டார்கள் என்பதால் போனது. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்கட்டுக்கு சிட்டகாங் பக்கத்துப் பௌத்தர்கள், அந்தக் கால கல்கத்தாவில் மக் என்று அழைக்கப்பட்டவர்கள், வந்து சேர்ந்ததற்கும் தீட்டுதான் காரணம். மாட்டிறைச்சியும் பன்றியும் சமைக்க அவர்களுக்குத் தடை இல்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பருவா குடும்பத்தின் பேக்கரி ஒன்று இன்றும் போ பாரக்ஸ் பகுதியில் இருக்கிறது. தீட்டு பார்த்து ஒதுக்கிய தொழிலில் இருந்து ஒரு நல்ல ருசி பிறந்தது. நல்லிணக்கம் என்றால், அது பிறகு வந்த கதை.

அந்த யூதர் கடைக்கு வருவோம். பாக்தாத்திலிருந்து வந்த நஹூம் இஸ்ரேல் மொர்தெகாய் 1902இல் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார். 1916இல் கடை நியூ மார்க்கெட்டுக்குள் வந்தது. 1874 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டு, பின்னாளில் ஹாக் மார்க்கெட் என்று பெயர் பெற்ற அந்தச் சந்தையே வெள்ளைக்காரர்கள் உள்ளூர்க் கூட்டத்தோடு உரசாமல் சாமான் வாங்குவதற்காகக் கட்டப்பட்டதுதான். பாக்தாதி யூதர் கடையில் கிறிஸ்துமஸ் கேக் பேர் வாங்கியது. நஹூம் வம்சத்தின் மூன்றாம் தலைமுறையான டேவிட் நஹூம் 2013இல் காலமானார். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா யூதர்கள் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்; இப்போது மிகச் சிலரே மிச்சம். கடை மட்டும் பழைய மர அலமாரிகளோடும் பழைய கல்லாப்பெட்டியோடும் அதே இடத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் வரிசை மார்க்கெட்டுக்குள் வளைந்து வளைந்து போகும்.

பார்க் ஸ்ட்ரீட்டின் ஃப்ளூரிஸ் 1927இல் வந்தது, ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் தொடங்கியது. கோவாக் குடும்பத்தின் சல்தானா பேக்கரி அதற்குச் சில வருஷம் கழித்து. இவற்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள்; நான் கூட்ட ஒன்றும் இல்லை.

ஆங்கிலோ இந்தியர்களைப் பற்றி எழுத இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டப்பட்ட சிவப்புச் செங்கல் குடியிருப்பு போ பாரக்ஸ். போருக்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறின. கேக்கை வீட்டுப் பலகாரமாக வைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். நவம்பரிலேயே பழத்தை நறுக்கி ரம்மில் ஊறப் போடுவது, சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏற்றுவது, கூடவே இஞ்சி ஒயின், குல்குல், ரோஸ் குக்கி. ரோஸ் குக்கி என்றதும் புதிதாக ஏதோ என்று நினைக்க வேண்டாம், நம் அச்சு முறுக்குதான். 1947க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானவர்கள் கப்பலேறினார்கள். கேக் செய்முறையை எடுத்துப்போனார்கள். தால்தலா அடுப்பை எடுத்துப்போக முடியவில்லை. அடுப்புக்கு ஆள் வேண்டியிருந்தது. வங்காளி நடுத்தர வர்க்கம் அந்த இடத்தில் வந்து நின்றது.

அதற்குள் சாமியும் கேக் சாப்பிடத் தொடங்கிவிட்டார். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1886 டிசம்பர் 24 இரவு, ஹூக்ளி மாவட்டத்து ஆண்ட்பூர் கிராமத்தில் விவேகானந்தரும் ராமகிருஷ்ணரின் மற்ற இளம் சீடர்களும் தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்து துறவு உறுதி எடுத்தார்கள். விவேகானந்தர் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. அந்த நினைவில் ராமகிருஷ்ணர் பெயரிலான துறவிகளின் தலைமை மடமான பேலூர் மடத்தில் இன்றும் அந்த இரவில் மேரியும் குழந்தை இயேசுவும் இருக்கும் படத்தை வைத்து, பூ சாத்தி, பழமும் இனிப்பும் கேக்கும் நைவேத்தியம் செய்கிறார்கள். பைபிள் வாசிக்கிறார்கள். தீட்டு என்று வாசலில் நிறுத்தி வைத்த பண்டம் பிரசாதமான கதை இது. சாந்திநிகேதனில் தாகூர் 1910இல் தொடங்கிவைத்த கிறிஸ்து உற்சவமும் உண்டு. அங்கே மெழுகுவர்த்தியும் பாட்டும் பிரார்த்தனையும்தான் பிரதானம், கேக்குக்கு வேலை இல்லை.

ஆனாலும் நஹூமும் ஃப்ளூரிஸும் பேலூரும் சேர்ந்துகூட கேக்கை வங்காளத்தின் மூலைமுடுக்குக்குக் கொண்டுபோயிருக்க முடியாது. அதைச் செய்தது டிபன் கேக். 1970களில் ஹவுராவில் இருந்து கிளம்பிய பாபுஜி கேக் இதில் முதல் பெயர். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய, கைக்குள் அடங்கும் சதுரத் துண்டு. சில்லறைக் காசில் கிடைத்தது. ஸ்கூல் பிள்ளையின் டிபன் டப்பாவிலும், ரயில்வே பிளாட்பாரத்திலும், டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்திலும் அது உட்கார்ந்தது. ரம்முக்கும் செர்ரிக்கும் அந்த விலையில் வழி ஏது? அவற்றுக்குப் பதில் வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்த மொரப்பாத் துண்டுகள். கடித்தால் பல்லில் கொஞ்சம் ஒட்டும். கொல்கத்தாவில் வளர்ந்த யாரிடமாவது அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அரைமணி நேரம் நிற்காது. வருஷம் முழுக்கக் கிடைத்த இந்தக் கேக்தான், கேக் சாகேப் வீட்டுச் சாமான் என்ற எண்ணத்தைத் தீர்த்துக் கட்டியது. டிசம்பரில் மளிகைக் கடை வாசல்களில் மேஜை போட்டு, கலர்க் காகிதம் சுற்றி அடுக்கி வைக்கும் மலிவு விலைக் கேக்குகள் இதன் தம்பி தங்கைகள்.

காலமும் தோதாக அமைந்தது. வங்காளத்தில் டிசம்பர் என்றாலே இனிப்புக்குத்தான். ஈச்சமரம் ஏறி இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் நொலென் குட், ஜய்நகர் மோவா, அரிசிமாவும் தேங்காயும் சேர்ந்த பிட்டே எல்லாம் அந்தக் குளிர் மாதங்களின் சொத்து. டார்ஜிலிங் ஆரஞ்சும் அப்போதுதான் வரும். ஆரஞ்சும் கேக்கும் கட்டிக்கொண்டு அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கோ ஆற்றங்கரை பிக்னிக்குக்கோ போவதுதான் பல குடும்பங்களுக்குப் பொரோதின். நதியா மாவட்டக் கிராமங்களில் வங்காளக் கிறிஸ்தவர்கள் அன்றைக்குக் கீர்த்தனம் பாடிப் பிட்டே சுடுகிறார்கள். கிறிஸ்தவர் வீட்டில் பிட்டே, இந்து வீட்டில் கேக்! இப்போது பேக்கரிக்காரர்கள் கேக்கிலேயே நொலென் குட் சேர்க்கிறார்கள். சில நன்றாக இருக்கின்றன. சிலவற்றில் வெல்லத்தின் வாசனை மட்டும்தான், வெல்லம் இல்லை.

2011 முதல் மாநில அரசின் சுற்றுலாத் துறை பார்க் ஸ்ட்ரீட்டில் விழா நடத்துகிறது. ஆலன் பார்க்கில் மேடை, தெரு முழுக்க விளக்கு, நகர முடியாத கூட்டம். ஒருமுறை பார்க்கலாம். கேக்கைத் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

டிசம்பரில் கொல்கத்தா போகிறவர்கள் எல்லோரும் நஹூம் கேக் வாங்கி வரச் சொல்லி ஊரில் இருந்து வரும் பட்டியலோடுதான் போகிறார்கள். வாங்குங்கள், நல்ல கேக்தான். ஆனால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், பிளம் கேக் மற்ற மாதங்களிலும் அங்கே கிடைக்கும். அதற்கு முன் ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் பக்கத்து டீக்கடையில் ஒரு பாபுஜி கேக் கேட்டு, டீயோடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.