யாரும் அமராத பொன் ஆசனம்

1957 என்றதும் மலேசியர்களின் நினைவுக்கு வருவது ஆகஸ்டு 31. அதே ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஒரு நாடு பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டது. அதுதான் கானா. நம் தோட்டங்களில் நிற்கும் செம்பனையின் பூர்வீகமும் மேற்கு ஆப்பிரிக்க மண்ணே. ஆயினும் கானாவைப் பற்றி நாம் அறிந்தது குறைவு.

தெற்கே கினி வளைகுடா, மேற்கே ஐவரி கோஸ்ட், கிழக்கே டோகோ, வடக்கே புர்கினா ஃபாசோ. தென்பகுதியில் மழைக்காடுகள், வடக்கே செல்லச் செல்ல வறண்ட புல்வெளிகள். 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோசொம்போ அணையால் உருவான வோல்டா ஏரி, உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளுள் ஒன்று. தலைநகரம் அக்ரா. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 3 கோடியே 8 லட்சம்.

இந்த மண்ணுக்கு வெள்ளையர்களை வரவழைத்தது தங்கம். 1482-இல் போர்த்துகீசியர்கள் எல்மினாவில் கோட்டை கட்டினர். 1637-இல் அது டச்சுக்காரர்களின் கைக்கு மாறியது. தங்கத்திற்காக எழுந்த அந்தக் கோட்டையின் இருட்டறைகளில் பின்னர் மனிதர்களே அடைக்கப்பட்டு, அடிமைகளாக அமெரிக்கக் கண்டத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர். பிரிட்டிஷார் இப்பகுதிக்கு இட்டிருந்த பெயரோ 'கோல்ட் கோஸ்ட்', அதாவது தங்கக் கடற்கரை!

உள்நாட்டில் குமாசியைத் தலைநகராகக் கொண்டு அசாந்தே அரசு வலிமையோடு விளங்கியது. அதன் சின்னம் பொன் ஆசனம். அதில் மன்னரும் அமர்வதில்லை; மக்களின் ஆன்மா அதில் குடியிருப்பதாக அசாந்தே மக்கள் நம்புகின்றனர். 1874-இல் பிரிட்டிஷ் படை குமாசியைச் சூறையாடித் தீயிட்டது. 1896-இல் மன்னர் பிரெம்பே பிடித்துச் செல்லப்பட்டார். 1900-இல் ஆளுநர் ஹாட்ஜ்சன், தாம் அமர்வதற்கு அந்த ஆசனத்தைக் கொண்டுவரும்படி கேட்டார். எஜிசு நகரின் அரசத்தாய் யா அசாந்தேவா போருக்குத் தலைமை ஏற்றார். போரில் தோல்வியே கிட்டியது. செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட அவர், 1921-இல் அங்கேயே மறைந்தார். ஆனால் ஆசனம் பிரிட்டிஷார் கைக்குச் சிக்கவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் பர்மாவில் போரிட்ட கோல்ட் கோஸ்ட் வீரர்கள், 1948 பிப்ரவரி 28-இல் தங்கள் குறைகளைச் சொல்ல அக்ராவில் ஊர்வலம் சென்றனர். மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைக் குரல் ஓங்கியது. 1951 தேர்தலில் சிறையில் இருந்தபடியே வென்ற குவாமே இங்ருமா, 1957-இல் சுதந்திர கானாவின் முதல் பிரதமரானார். பின்னர் எதிர்ப்பாளர்களை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தார். 1964-இல் ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தார். நாட்டின் முக்கிய வருவாயான கொக்கோவின் விலையும் சரிந்தது. 1966-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. பல ராணுவப் புரட்சிகளைக் கண்ட கானா, 1992 அரசமைப்புக்குப் பின் மக்களாட்சிக்குத் திரும்பியது. 2001, 2009, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் வாக்குச்சீட்டே ஆட்சியை மாற்றியது.

அக்கான் மக்கள் பிறந்த கிழமையையே குழந்தைக்குப் பெயராக வைப்பர். குவாமே என்றால் சனிக்கிழமை பிறந்தவர். முன்னாள் ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான், வெள்ளிக்கிழமை பிறந்தவர்.

2024-இல், 1874-இல் கொள்ளையடிக்கப்பட்டவை உட்பட 32 பொருள்கள் லண்டன் அருங்காட்சியகங்களிலிருந்து குமாசிக்கு வந்தன. திருப்பித் தரப்படவில்லை, இரவலாகவே தரப்பட்டன. சொந்தக்காரரே தம் பொருளை இரவல் வாங்க வேண்டிய நிலை! ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பொன் ஆசனம் இன்றும் அவர்களிடமே இருக்கிறது.