25 சென்ட் புட்டிங்கும் 12.5 லட்சம் மைலும்

1/ கார்டு பாயிண்ட், கேஷ்பேக், கூப்பன்னு தேடி அலையுறவங்களா நீங்க? அப்போ டேவிட் பிலிப்ஸ் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கலிபோர்னியாவைச் சேர்ந்த சிவில் இன்ஜினியர். வருஷம் 1999.

2/ ஹெல்தி சாய்ஸ் என்ற உணவு பிராண்ட் ஒரு சலுகை அறிவித்தது. அவங்க பொருட்களில் இருக்கும் பார்கோடு 10 சேர்த்து அனுப்பினால் 500 விமான மைல். மே மாதத்துக்குள் அனுப்பினால் டபுள், அதாவது 1000. இந்த மைல்களைச் சேர்த்து வைத்தால் இலவச டிக்கெட் எடுக்கலாம்.

3/ எந்தப் பொருள், என்ன விலை என்று நிபந்தனையில் இல்லை. பிலிப்ஸ் அதைக் கவனித்தார். கடை கடையாகத் தேடினார். ஒரு தள்ளுபடிக் கடையில் ஹெல்தி சாய்ஸ் சாக்லேட் புட்டிங், கப் வெறும் 25 சென்ட்!

4/ இப்போ கணக்கு போடுங்க. 10 கப் 2.50 டாலர்; 1000 மைல். அன்றைக்கு அமெரிக்காவுக்குள் போய்வர ஒரு டிக்கெட்டுக்குப் பொதுவாக 25,000 மைல். அதுக்கு 250 கப் போதும். செலவு 62.50 டாலர்தான்.

5/ மனுஷன் 12,150 கப் வாங்கிட்டார். கடையில் கேட்டவங்ககிட்ட, "வை2கே வருதுல்ல, ஸ்டாக் வைக்கிறேன்" என்று சமாளித்தார்.

6/ அடுத்த சிக்கல், கெடுவுக்குள் அத்தனை பார்கோடையும் உரிக்கணும். சால்வேஷன் ஆர்மி தொண்டு அமைப்பிடம் போனார். "உரிச்சுக் கொடுங்க, புட்டிங்கை நீங்களே வெச்சுக்கோங்க." பசித்தவர்களுக்கு உணவு போனது. நன்கொடை என்பதால் இவருக்கு 815 டாலர் வரிக்கழிவும் கிடைத்தது. அத்தனையும் அவரே சாப்பிட்டிருந்தால் ஏர்போர்ட்டுக்குப் போக மாட்டார், எங்களைத் தேடித்தான் வந்திருப்பார்!

7/ சுமார் 3,000 டாலர் செலவுக்கு 12.5 லட்சம் மைல். நிறுவனமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

8/ எல்லா நிறுவனமும் இப்படித் தப்பிக்கல. 1992-ல் பிரிட்டனில் ஹூவர், 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் அமெரிக்காவுக்கு 2 இலவச டிக்கெட் என்றது. பாதிப்பேர் பாதியிலேயே விட்டுடுவாங்க என்று நம்பியது. லட்சக்கணக்கானோர் கேட்டு வந்தாங்க. டிக்கெட் கிடைக்காதவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. சுமார் 5 கோடி பவுண்ட் நஷ்டம். 1995-ல் ஹூவரின் ஐரோப்பியத் தொழிலே கைமாறியது.

9/ சலுகைகள் நிற்பது நம்ம அசதி மேல்தான். நிபந்தனையைப் படிக்க மாட்டோம், கெடுவை மறப்போம், தேவையில்லாததை வாங்குவோம். பிலிப்ஸ் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யல. கையில் இருந்த காசுக்குள் கணக்குப் போட்டு இறங்கினார்.

10/ கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பல இடங்களில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. பாயிண்டில் திரும்பக் கிடைப்பதோ பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான். பில்லை முழுசா கட்ட முடிஞ்சா மட்டும் பாயிண்ட் பக்கம் போங்க. முடியலன்னா, அந்த ஆஃபரில் நீங்கதான் அவங்களுக்கு 25 சென்ட் புட்டிங்.