பிள்ளை பெத்தவளோட தட்டைப் பிடுங்காதீங்க! (இழை)

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் சிசேரியன் தையல்ல சீழ் வச்சா வீட்டுல முதல் கேள்வி: "உருளைக்கிழங்கு சாப்பிட்டியா? தண்ணி நிறையக் குடிச்சியா?" பழி முழுக்க பிள்ளை பெத்தவ மேல. இது நம்மூர்ல மட்டும் நடக்கிறது இல்லைங்க. வரலாறு பெருசு.

1844-ல சென்னையில அரசு பிரசவ ஆஸ்பத்திரி தொடங்குது. இப்போ எழும்பூர்ல இருக்கிறது அதுதான். கிருமியால நோய் வரும்னு டாக்டர்களுக்கே தெரியாத காலம் அது.

அப்போ ஐரோப்பாவுல வியன்னா பொது மருத்துவமனையில ரெண்டு பிரசவ வார்டு. ஒண்ணுல மருத்துவ மாணவர்கள், இன்னொண்ணுல மருத்துவச்சிகள். 1846-ல மாணவர்கள் வார்டுல 100-க்கு 11 தாய்மார் பிரசவக் காய்ச்சல்ல செத்தாங்க. மருத்துவச்சிகள் வார்டுல 3 பேர்கூட இல்லை. 'கெட்ட காத்து', 'தாய்ப்பால் உள்ளேயே தங்கிடுச்சு'ன்னு ஆளுக்கொரு காரணம். அந்த முதல் வார்டு வேண்டாம்னு கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினாங்க. டாக்டர்களை விட அவங்களுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு!

இக்னாஸ் செம்மல்வைஸ்ங்கிற டாக்டர்தான் கவனிச்சார்: மாணவர்கள் பிணத்தை அறுத்துட்டு நேரா பிரசவம் பாக்க வர்றாங்க. 1847 மே மாசம் குளோரின் தண்ணியில கை கழுவ வச்சார். 1848-ல சாவு 100-க்கு 1.3. பல பெரிய டாக்டர்களுக்குக் கோபம், "எங்க கையா அழுக்கு?"ன்னு.

அது கருப்பைத் தொற்று, தையல் புண் வேறதான். ஆனா அங்கேயும் நாங்க லேட்டாத்தான் கத்துக்கிட்டோம். ஆபரேஷனுக்கு முன்னாடி பிளேடால முடி வழிக்கிறதை சுத்தம்னு நம்பினோம். 1971-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, வழிச்சவங்கள்ல 5.6 சதவீதம் பேருக்குப் புண்ல தொற்று. வழிக்காதவங்க, களிம்பு போட்டு முடி எடுத்தவங்ககிட்ட 0.6 தான். கண்ணுக்குத் தெரியாத கீறல்ல கிருமி குடியேறிடுது. 2016-ல உலக சுகாதார நிறுவனமும் பிளேடு கூடாதுன்னு சொல்லிடுச்சு. இன்னும் வீட்டுலயே வழிச்சுட்டு வர்றவங்க இருக்கீங்க, விட்டுடுங்க ப்ளீஸ்.

ஆன்டிபயாடிக் ஊசியும் அப்படித்தான். முன்னே தொப்புள்கொடி கட்டின பிறகு போட்டோம். இப்போ கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே. தாய்க்குத் தொற்று நல்லாவே குறையுது.

சரி, நிஜ ஆபத்து எது? கட்டுப்படாத சர்க்கரை, ரத்தசோகை, உடல் பருமன். அப்புறம், பனிக்குடம் உடைஞ்சு பல மணி நேரம் கழிச்சு அவசரமா செய்யற சிசேரியன். மலையடிவாரத்துல இருக்கிறவங்களுக்கு இதுல தூரமும் சேருது. தண்ணி உடைஞ்சா "வலி வரட்டும்"னு உக்காராதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

தையல் ஆற புரதம் வேணும். பருப்பு, முட்டை, மீன் எல்லாம் குடுங்க, தண்ணியும்தான். தையல் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னைக்கே காட்டுங்க. மஞ்சள் பத்து போட்டு மறைக்காதீங்க.

உங்க வீட்டு மாமியார் வாட்ஸ்அப்ல இருந்தா இதை அனுப்பிடுங்க.